நரகத்தின் மீது ஒரு வழக்கு

1882 முதல் 1888 வரை சென்னையில் 'தத்துவ விவேசினி' என்றொரு இதழ் வந்தது. நாத்திகர்களான இலௌகிக சங்கத்தாரின் ஏடு. இந்து ஆசாரங்களைச் சாடிய கையோடு வேதாகமத்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. பாதிரிமார் தெருமுனையில் நின்று விக்கிரக வழிபாட்டைக் கண்டித்துக்கொண்டிருந்த காலம் அது.

நாத்திகரின் விரல் முதலில் நீள்வது மாற்கு 16:16க்குத்தான். நம்பி ஞானஸ்நானம் பெற்றால் மீட்பு, நம்பாவிட்டால் ஆக்கினை. ஆள் நல்லவனா கெட்டவனா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. வேடிக்கை என்னவென்றால், சினாய், வத்திக்கான் எனப் பெயர்பெற்ற நான்காம் நூற்றாண்டுச் சுவடிகளில் மாற்கு 16:8உடன் முடிந்துவிடுகிறது. இந்த வசனமே கிடையாது!

1927 மார்ச் 6 அன்று லண்டன் பாட்டர்சீயில் பேசிய தத்துவ அறிஞர் பெர்ட்ரண்டு ரஸ்ஸலும் குறிவைத்தது நரகத்தைத்தான். முடிவில்லாத தண்டனையை நம்பிய இயேசுவை எப்படிக் கருணையின் உச்சம் என்பது? அந்த உரையைச் சுயமரியாதை இயக்கத்தார் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த வாதம் கொஞ்சம் ஒருதலைப்பட்சம்தான். நற்செயலையே அளவுகோலாக வைக்கும் கதையும் வேதாகமத்தில் உண்டு. லூக்கா 10இல் இயேசு சொல்லும் அந்தக் கதையில், அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் ஆசாரியன் விலகிப் போய்விடுகிறான். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டி, சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்துவிட்டுப் போகிறவன், யூதர்கள் தள்ளிவைத்த சமாரியன்.