குலுக்கலுக்கு ஒரு கணக்கு

ஒன்றுபட்ட பஞ்சாபில் 1930இல் பிறந்து, லாகூரில் மருத்துவம் படித்து, அமெரிக்காவில் நரம்பியல் அறுவை நிபுணராகப் பெயர் பெற்றவர் அயூப் ஓமாயா. காரைப் பின்னாலிருந்து இடித்தால் உள்ளே இருப்பவரின் மூளை என்ன ஆகும் என்பதுதான் அவருடைய கேள்வி. ரீசஸ் குரங்குகளை இருக்கையில் கட்டி, தலையில் எதுவும் படாமல் பின்னாலிருந்து மோதவிட்டார். தலை வெடுக்கென்று சுழன்றதிலேயே சில குரங்குகளின் மூளையில் ரத்தம் கசிந்தது. அவற்றில் பலவற்றுக்குக் கழுத்தும் அடிபட்டது. கட்டுரை 1968இல் வெளியானது.

கைக்குழந்தையைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

ஆனால் இங்கிலாந்தின் ஹல் நகரில் நரம்பியல் அறுவை நிபுணர் நார்மன் குத்கெல்ச் அதைப் படித்தார். மூளை உறைக்கடியில் ரத்தம் கட்டிய சில குழந்தைகளின் தலையில் ஒரு கீறல்கூட இல்லாதது அவரைக் குடைந்துகொண்டிருந்தது. அடிப்பதைவிடக் குலுக்குவது பரவாயில்லை என்று அந்தப் பக்கத்துப் பெற்றோர் நினைத்ததும் அவருக்குத் தெரியும். இரண்டையும் முடிச்சுப் போட்டு, குலுக்கலே காரணமாகலாம் என்று 1971இல் எழுதினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் குழந்தைகளுக்கான கதிரியக்க மருத்துவர் ஜான் கேஃபி அதை ஊரறியச் செய்தார். நல்ல நோக்கம்தான், கணக்கு மட்டும் குரங்குகளிடம் வாங்கிய கடன்.

அந்தக் கடனை முதலில் சரிபார்த்தது ஒரு பொம்மை. ஒரு மாதக் குழந்தையின் அளவில் பொம்மை செய்து, தலையில் முடுக்கமானி பொருத்தி, நரம்பியல் அறுவை நிபுணர் ஆன்-கிறிஸ்டீன் டுஹெய்ம் குழுவினர் ஆட்களை விட்டு மூச்சுமுட்டக் குலுக்கச் சொன்னார்கள். பிறகு தலையை மோதச் செய்தார்கள். மோதலில் பதிவான முடுக்கம் குலுக்கலைவிட ஏறக்குறைய 50 மடங்கு. 1987இல் வந்த அதே ஆய்வில் 48 குழந்தைகளின் விவரங்களும் இருந்தன. இறந்த 13 பேருக்கும் தலையில் அடிபட்ட தடயம் இருந்தது; பாதிக்கு மேற்பட்டோருக்கு அது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. பொம்மைக் கழுத்து பிள்ளையின் கழுத்தாகுமா என்று குலுக்கலே காரணம் என்ற தரப்பு கேட்டது. நியாயமான கேள்வி.

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கு மலைப்பாதையில் தூக்கிவரும் பிள்ளைக்கும் அடியா குலுக்கலா என்ற இந்தக் கேள்வி பொருந்தும். “கட்டில்லேருந்து விழுந்துட்டான்” என்று தாய் சொன்னால், எவ்வளவு உயரம், மண் தரையா சிமெண்ட் தரையா, எந்தப் பக்கம் பட்டது என்று கேட்காமல் மருத்துவர் முடிவுக்கு வர முடியாது.

2002இல் ஓமாயாவே தலைக்காயத்தின் இயற்பியலைக் குழந்தைகளுக்கும் சேர்த்து மறுபடி அலசினார். தொண்ணூறைத் தாண்டிய குத்கெல்ச், தன் கருத்தை வைத்துப் பெற்றோரைச் சிறைக்கு அனுப்புவதைக் கண்டு கலங்கி, 2012இல் எதிர்த்து எழுதினார். அவர் இறந்த 2016இல், குறிப்பிட்ட மூன்று அறிகுறிகளை மட்டும் வைத்துக் குலுக்கலை உறுதிசெய்யப் போதிய சான்றில்லை என்றது சுவீடன் அரசின் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம். குழந்தை மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை.