ஊரோடு ஒக்க ஓடினால்

1928-ம் வருஷம் மார்ச் மாதம். 'டி. ஜே. ஹூப்பர்', 'மான்ட்ரோஸ்' என்ற இரண்டு இழுவைப் படகுகள் அமெரிக்காவில் வர்ஜீனியாவிலிருந்து நிலக்கரிப் படகுகளை இழுத்துக்கொண்டு வடக்கே புறப்பட்டன. நியூஜெர்ஸிக் கரையோரம் புயல் பிடித்துக்கொண்டது. இரண்டு கரிப் படகுகள் சரக்கோடு மூழ்கின.

புயல் வரப்போவது ரகசியமல்ல. ஆர்லிங்டன் நிலையம் தினம் இரு தடவை ரேடியோவில் எச்சரித்துக் கொண்டிருந்தது. அதைக் கேட்ட வேறு படகுகள் டெலவேர் அணைக்கரையில் ஒதுங்கிப் பிழைத்தன. இந்த இரண்டிலும் வேலை செய்கிற ரேடியோ இல்லை.

விஷயம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அநேகமாக எந்தக் கம்பெனியுமே இழுவைப் படகுக்கு ரேடியோ வாங்கித் தருவதில்லை என்பதுதான் படகுக்காரர் தரப்பு வாதம். நம்மவர் சொல்லும் 'ஊரோடு ஒக்க ஓடு' என்பதேதான்! 1932-ல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் லேர்னெட் ஹாண்ட் என்ற நீதிபதி அதை ஒப்பவில்லை. ஒரு தொழில் முழுவதுமே பின்தங்கிக் கிடக்கலாம். எல்லோரும் அசட்டையாக இருந்தார்கள் என்பதால் அசட்டை நியாயமாகிவிடாது என்று தீர்ப்பளித்தார்.

இப்போது 2021-ம் வருஷம் மே 7-ந் தேதிக்கு வருவோம். டெக்ஸஸிலிருந்து நியூஜெர்ஸி வரை 5,500 மைல் நீளமுள்ள காலனியல் எண்ணெய்க் குழாய். கிழக்குக் கரையின் எரிபொருளில் ஏறக்குறைய பாதி அதில்தான் ஓடுகிறது. 'டார்க்ஸைடு' என்ற கும்பல் கம்பெனியின் கணிப்பொறிகளைப் பூட்டிவிட்டுச் சாவிக்கு விலை கேட்டது. கம்பெனி பயந்து குழாயைத் தானே நிறுத்திற்று. 75 பிட்காயினும் கொடுத்தது. அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர்! பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசை. பிளாஸ்டிக் பையில் பெட்ரோல் பிடிக்காதீர்கள் என்று சர்க்காரே எச்சரிக்க வேண்டியதாயிற்று.

திருடன் நுழைந்த வழி எது? புழக்கத்தில் இல்லாத பழைய வாசல் ஒன்று. அதற்கு ஒரே ஒரு கடவுச்சொல்தான் காவல். இரண்டாவது தாழ்ப்பாள் கிடையாது. இதைக் கம்பெனித் தலைவரே செனட் சபையின் முன் ஒப்புக்கொண்டார். படகில் இல்லாத ரேடியோவும் கதவில் இல்லாத தாழ்ப்பாளும் ஒரே ஜாதி அல்லவா?

ஆனால் முடிவு ஒன்றாக இல்லை. பெட்ரோலுக்கு அதிக விலை கொடுத்தவர்கள் தொடுத்த வழக்கை ஜார்ஜியாவிலுள்ள ஃபெடரல் நீதிமன்றம் 2022-ல் தள்ளிவிட்டது. அவர்களைக் காக்கும் சட்டக் கடமை கம்பெனிக்கு இல்லையாம். 1928-ல் கரியை ஏற்றியவன் கையில் ஒப்பந்தம் இருந்தது. வரிசையில் வெயிலில் நின்றவனிடம் காலி டின்தான் இருந்தது.

2023-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் ஒரு விதி செய்தது. பங்குகளை விற்கும் கம்பெனி, நேர்ந்த தாக்குதல் முக்கியமானது என்று தீர்மானித்த நான்கு வேலை நாட்களுக்குள் அதை வெளியிட வேண்டும். பங்கு வாங்கினவனுக்குத் தகவல் கிடைத்துவிட்டது. டின்னோடு நின்றவனுக்கு யார் பதில் சொல்வது? அதற்கு இன்னொரு ஹாண்ட் வந்தாக வேண்டும்.