தள்ளாட்டத்துக்குப் பின்னால் மூன்று எழுத்து

தள்ளாடி நடப்பவரைப் பார்த்தால் நம் ஊர்களில் முதலில் வரும் பேச்சு "தண்ணி போட்டிருக்கான்" என்பதுதான். ஆனால் வாழ்நாளில் ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் தள்ளாடுகிறவர்கள் உண்டு. நடை தடுமாறும், பேச்சு குழறும். காரணம், சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வது. அப்பாவுக்கு 45 வயதில் வந்தது, மகனுக்கு 30லேயே வந்துவிடும். இப்படிப் பரம்பரையாக வரும் நோய்களில் ஒன்றுதான் எஸ்.சி.ஏ.1.

இதன் மரபணுவைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஹுதா ஸோக்பி, மினசோட்டாவில் ஹாரி ஓர், இருவரும் தனித்தனி ஆய்வகங்களில் தேடி, 1993 ஏப்ரல் 8 அன்று ஒரே நாளில் கண்டுபிடித்தார்கள். (சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்!) 6வது குரோமோசோமில் ஓரிடத்தில் சி.ஏ.ஜி என்ற மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. எல்லோருக்கும் சுமார் 30 தடவை வரும், இடையில் ஒன்றிரண்டு இடத்தில் சி.ஏ.டி என்று எழுத்து மாறி முடிச்சுப் போட்டது போல நிற்கும். நோயாளிகளிடம் அந்த முடிச்சு இல்லை, எண்ணிக்கையும் 40ஐத் தாண்டுகிறது.

ஏன் நீள்கிறது? ஒரே எழுத்துகள் தொடர்ந்து வரும் இழை வழுக்கி, தன் மேலேயே மடிந்துகொள்கிறது. 1995ல் சோதனைக் குழாயில் இதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் கொண்டை ஊசி. வால்பாறை மலைப்பாதையின் 40 வளைவுகளுக்கும் நாம் சொல்கிற அதே பேர்தான்!

இங்கேதான் புரதங்கள் வருகின்றன. எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.3 இரண்டும் செல்லுக்குள் இருக்கும் செக்கிங் ஆட்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் பீஸைப் புரட்டிப் புரட்டி டேமேஜ் பார்ப்பது போல, டி.என்.ஏ.வில் துருத்திக்கொண்டிருப்பதைப் பிடித்துச் சரிசெய்வது இவற்றின் வேலை. கொண்டை ஊசி வளைவைப் பார்த்ததும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் பிசிறை வெட்டி எறிவதற்குப் பதிலாகச் சில சமயம் அதையும் சேர்த்துத் தைத்துவிடுகின்றன. நீளம் கூடிவிடுகிறது.

இதே சி.ஏ.ஜி வகையைச் சேர்ந்த ஹண்டிங்டன் நோயின் மரபணு கொண்ட எலிகளில், 1999ல் எம்.எஸ்.எச்.2 இல்லாமல் செய்து பார்த்தார்கள். மூளைத் திசுக்களில் நீள்வது நின்றுபோனது. ரிப்பேர்காரரே கெடுக்கிறார் என்று அப்போது வலுவாகத் தெரிந்தது. இன்று எம்.எஸ்.எச்.3ஐ அடக்கும் மருந்துகள் ஆய்வில் இருக்கின்றன. இப்போதைக்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது.

இது எங்கோ வெளிநாட்டுக் கதை அல்ல. தமிழ்ச் சமூகம் ஒன்றில் எஸ்.சி.ஏ.1 அதிகமாக இருப்பதாக 2005ல் 'நியூராலஜி இந்தியா' இதழில் கட்டுரை வந்தது. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று பழி போடுவார்கள். அது இதற்குப் பொருந்தாது. பெற்றோரில் ஒருவருடைய பழுதான பிரதி ஒன்றே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். மருந்தில்லாத நோயை 20 வயதில் தெரிந்துகொள்வதா, வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும், பெண் பார்க்க வருகிறவர்கள் அல்ல.