ஆறு வார ஓய்வு யாருக்கு எழுதப்பட்டது?

சிசேரியன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனையில் சொல்லும் அறிவுரை எல்லாப் பெண்களுக்கும் ஒன்றுதான். குழந்தையை விட கனமான எதையும் தூக்காதீர்கள். மெல்ல நடங்கள், படுத்தே கிடக்காதீர்கள். தையலைச் சுத்தமாகவும் ஈரமில்லாமலும் வைத்திருங்கள். காய்ச்சல் வந்தாலோ, தையலில் சீழ் வைத்தாலோ, உதிரப்போக்கு அதிகமானாலோ, கால் வீங்கி வலித்தாலோ உடனே வாருங்கள். மேல்தோல் ஒன்றிரண்டு வாரத்தில் கூடிவிடும். உள்ளே கர்ப்பப்பையும் வயிற்றுச் சுவரும் ஆறுவதற்கு ஆறு வாரமாவது வேண்டும்.

அறிவுரை ஒன்றுதான், வீடுகள் ஒன்றல்ல. ஒரு பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய பதினைந்து லிட்டர் பிடிக்கும். நிறைந்த குடம் பச்சைக் குழந்தையைப் போல ஐந்து மடங்கு கனம். வீட்டுக்குள் குழாய் உள்ளவருக்கு "கனம் தூக்காதே" என்பது சாதாரண அறிவுரை. தெருக்குழாயை நம்பியிருக்கும் சேரிப் பெண்ணுக்கு அது, வேறு யாராவது தண்ணீர் எடுத்துத் தந்தால் மட்டுமே நடக்கக்கூடிய காரியம்.

இந்த ஆறு வாரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் மாநாட்டிலேயே, பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் பெண்ணை வேலை வாங்கக் கூடாது என்று உடன்படிக்கை செய்தது. ஆனால் அது தொழிற்சாலைக்கும் வணிக நிறுவனத்துக்கும் எழுதப்பட்டது. வயலில் நாற்று நட்ட பெண் அதில் இல்லை.

1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண் தொழிலாளர்களுக்கான மகப்பேறு மசோதா விவாதத்துக்கு வந்தது. அப்போது அங்கே நியமன உறுப்பினராக இருந்த பாபாசாகேப் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். அந்தச் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்பதே முறை என்றும், குறைந்த கூலிக்குப் பெண்களை அமர்த்தி ஆதாயம் பார்க்கும் முதலாளிக்கும் அதில் பொறுப்பு உண்டு என்றும் வாதிட்டார். 1929இல் அது சட்டமானது. மகத் குளத்தில் தண்ணீருக்காக அவர் போராடியது 1927இல். தண்ணீர் உரிமையும் ஓய்வு உரிமையும் வேறு வேறு போராட்டங்களாகத் தெரியலாம். வயிற்றில் தையலோடு குடத்தின் முன் நிற்கும் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பேற்ற அம்பேத்கர், 1943இலும் 1945இலும் சுரங்க மகப்பேறு சட்டத்துக்குத் திருத்தங்கள் கொண்டுவந்தார். நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்த பெண்களில் பெரும்பாலோர் ஆதிவாசிகளும் ஒடுக்கப்பட்ட சாதியினரும்தான். மகப்பேறு உரிமை என்றாலே அலுவலகப் பெண்களின் சலுகை என்று நினைக்கும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டம் ஆலையிலும் சுரங்கத்திலும்தான் வளர்ந்தது.

1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 12 வார விடுப்பு தந்தது. 2017இல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அது 26 வாரமாக உயர்ந்தது. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, நிறுவனம் என்று அதற்கு ஒரு வாசல் இருந்தது. விவசாயக் கூலி, வீட்டுவேலை, செங்கல் சூளை, கட்டட வேலை என்று நம் பெண்களில் மிகப் பெரும்பாலோர் உழைக்கும் இடங்கள் அந்த வாசலுக்கு வெளியே நின்றன, அல்லது ஏட்டளவில் மட்டும் உள்ளே இருந்தன.

ஊருக்குள் ஓய்வு இல்லாமலில்லை. பிள்ளை பெற்றவளைத் தீட்டு என்று தனியே வைத்து, பத்தியம் போட்டு, பிரசவ மருந்து கொடுத்த வழக்கம் உண்டு. ஆனால் அந்தத் தீட்டுத் துணியைத் துவைத்தது யார்? சேரியின் பிரசவத் துணியைத் துவைத்தவர்கள் புதிரை வண்ணார் பெண்கள். வட இந்தியாவில் தொப்புள்கொடி அறுக்கும் வேலை பல இடங்களில் தலித் பெண்களின் தலையில் கட்டப்பட்டிருந்தது. அடுத்தவரின் பிரசவத்தைச் சுத்தம் செய்தவர்கள் தங்கள் பிரசவத்துக்குப் பின் எத்தனை நாள் படுத்திருந்தார்கள் என்று எந்த ஆவணமும் எழுதி வைக்கவில்லை.

இன்று கேள்வி கூர்மையாகியிருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சிசேரியன் பிரசவங்கள் 2015-16இல் 34 விழுக்காடு, 2019-21இல் 45 விழுக்காடு. ஏறக்குறைய இரண்டில் ஒரு தாய் வயிற்றுத் தையலோடு வீடு திரும்புகிறாள். அரசு மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அறுவை சிகிச்சை ஏழைப் பெண்ணையும் எட்டிவிட்டது. அதற்குப் பின்னான ஓய்வு எட்டவில்லை.

கையில் இருக்கும் உரிமைகளையாவது தெரிந்துகொள்வோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் 18,000 ஆனது. 18,000இல் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருவது. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு ஊழியர் போன்றோர் நீங்கலாக எல்லாத் தாய்மாருக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தரச் சொன்னது. ஒன்றிய அரசின் 2017ஆம் ஆண்டுத் திட்டமோ அதை முதல் குழந்தைக்கு 5,000 என்று சுருக்கியது. 2000இல் உச்ச நீதிமன்றம், டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. தினக்கூலி, ஒப்பந்தம் என்று காரணம் காட்டித் தூய்மைப் பணியாளரின் விடுப்பை மறுக்கும் இடங்களில் எடுத்துப் பேச வேண்டிய தீர்ப்பு அது.

மாணவத் தோழர்கள் தங்கள் தெருவிலேயே தொடங்கலாம். கடந்த ஓராண்டில் சிசேரியன் ஆன பெண்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனையாவது நாள் குடம் தூக்கினீர்கள்? எத்தனையாவது வாரம் கூலிக்குப் போனீர்கள்? உதவித்தொகை எப்போது கைக்கு வந்தது? பதில்களை எழுதி வையுங்கள். சட்டமன்றத்தில் வாதிட அம்பேத்கரின் கையில் ஆலைப் பெண்களின் நிலைமை இருந்தது. வயலிலும் குப்பை வண்டியிலும் வேலை செய்யும் பெண்களின் ஆறு வாரத்தைக் கேட்க நம் கையில் அந்தக் கணக்கு இருக்க வேண்டும்.