சொந்தத் தரை

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்துக்கு வந்த பெரிய சர்வதேச ஹாக்கிப் போட்டிகளைச் சென்னை ரசிகர்கள் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். 1996 டிசம்பரில் சாம்பியன்ஸ் டிராபி. கோப்பை நெதர்லாந்துக்குப் போனது. 2005இல் அதே போட்டி மறுபடியும் வந்தது. அந்த முறை ஆஸ்திரேலியா வென்றது. 2007 செப்டம்பரில் ஆசியக் கோப்பை. இறுதியாட்டத்தில் தென்கொரியாவை இந்தியா 7-2 என்று புரட்டிப் போட்டது. 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி; 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா 4-3 என்று மலேசியாவை முந்தியது. 2025 இறுதியில் மதுரையோடு பங்கிட்டு ஜூனியர் உலகக் கோப்பை. இந்த ஐந்தும் ஆண்கள் போட்டிகள். சென்னை ஹாக்கி ஊர் என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது ஊரின் பாதிப் பேர் அந்தப் பேச்சில் இல்லை. ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது என்பது ஒன்று. நம் ஊர்ப் பெண்கள் ஹாக்கி ஆடுவதில்லை என்பது மற்றொன்று. இரண்டையும் காரணம் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. பெண்கள் ஹாக்கியின் கதையை ஆரம்பத்திலிருந்து பார்த்தால் அவை விளைவுகள் என்றுதான் தெரிகிறது. பெண்களுக்கென்று ஒரு தரையும், மட்டையைப் பிடித்த கைக்கு ஒரு வேலையும் எங்கே கிடைத்தனவோ அங்கேதான் இந்த ஆட்டம் வேர் பிடித்திருக்கிறது.

இங்கிலாந்திலேயே அது அப்படித்தான் தொடங்கியது. 1880களில் பெண்கள் கிளப்புகளும், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பெண்கள் கல்லூரிகளும் ஹாக்கியை எடுத்துக்கொண்டன. 1895இல் அவர்கள் ஒரு சங்கம் அமைத்து, ஆண்களின் ஹாக்கி சங்கத்தோடு இணைத்துக்கொள்ளும்படி கேட்டார்கள். இது ஆண்கள் கிளப்புகளுக்கான அமைப்பு என்று சொல்லி அந்தச் சங்கம் மறுத்துவிட்டது. பெண்கள் அதற்காக ஆட்டத்தை விடவில்லை. தங்கள் சங்கத்தில் ஆண்கள் யாரும் பதவி வகிக்கக் கூடாது என்று முடிவெடுத்து, தனி நிர்வாகமும் தனி விதிப்புத்தகமும் வைத்துக்கொண்டார்கள். பாவாடை தரையிலிருந்து ஆறு அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும் என்று உடைக்கும் அவர்களே விதி எழுதினார்கள். இன்று படிக்கச் சிரிப்பு வரலாம். ஆனால் கணுக்கால் தெரியக் கூடாத காலத்தில் ஓடுவதற்கு அந்த ஆறு அங்குலம் தேவைப்பட்டது. அதைத் தீர்மானித்தவர்கள் ஓடியவர்களே. 1927இல் சர்வதேசப் பெண்கள் ஹாக்கிக் கூட்டமைப்பு உருவானபோதும் இதே வழக்கம் தொடர்ந்தது. 1933இல் கோபன்ஹேகன், 1936இல் பிலடெல்பியா என்று சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பல நாட்டு அணிகள் ஓரிடத்தில் கூடின. மாநாடும் ஆட்டங்களும் சேர்ந்தே நடந்தன. நெடுங்காலம் கோப்பை கிடையாது, முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. ஆடுவதும் பழகுவதும்தான் நோக்கம். சர்வதேசப் பெண்கள் ஹாக்கிப் போட்டி என்று இன்று நாம் சொல்வதன் மூத்த வடிவம் இது.

இந்த உலகத்திலிருந்து வந்தவர்களின் கையில்தான் சென்னையின் பெண்கள் கல்லூரிகளும் தொடங்கின. மயிலாப்பூர்க் கடற்கரையைப் பார்த்தபடி 1914இல் திறக்கப்பட்ட, இன்றைய ராணி மேரி கல்லூரியின் முதல் முதல்வர் டொரோத்தி டி லா ஹே. அடுத்த ஆண்டே தொடங்கிய மகளிர் கிறித்தவக் கல்லூரியின் முதல்வர் எலினார் மெக்டூகல். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். பெண்கள் கல்லூரி என்றால் வகுப்பறை, விடுதி, இவற்றோடு ஓடியாட ஒரு திடலும் வேண்டும் என்ற எண்ணம் அவர்களோடு கப்பலேறி வந்திருக்கும் என்று கருத இடமிருக்கிறது. அந்தத் திடலின் அருமையை உணரக் கல்லூரிச் சுவருக்கு வெளியே பார்த்தால் போதும். ஊரின் விளையாட்டுத் தரைகள் ஆண்கள் கையில் இருந்தன. சேப்பாக்கம், தீவுத்திடல் பக்கம் வெள்ளைக்காரர் கிளப்புகள். அவற்றுக்குப் பதிலாக இந்தியர் எழுப்பிய மெட்ராஸ் யுனைடெட் கிளப்பும் ஆண்களுக்கானதே. இன்றைக்கும் தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தின் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால், ஒரே நேரத்தில் பல டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு நடக்கும். ஒரு ஆட்டத்தின் ஃபீல்டர் இன்னொரு ஆட்டத்தின் பிட்ச் ஓரம் நிற்பான். எல்லோரும் பையன்கள். பொதுத்தரை என்றால் முதலில் வந்து ஸ்டம்ப் நட்டவனுடைய தரை என்றுதான் நடைமுறை. அங்கே இருபத்திரண்டு பெண்கள் மட்டையோடு நிற்க இடம் ஏது? சுவருக்குள் இருந்த தரை மட்டுமே பெண்ணுக்குச் சொந்தத் தரையாக இருந்தது. ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு: பட்டம் வாங்கிய நாளோடு அந்தத் தரைக்குள் போகும் உரிமையும் முடிந்துவிடும்.

ஆண்களுக்கு அந்த இடத்தில் வேறொன்று காத்திருந்தது. சென்னையில் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, பெரம்பூர் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே என்று வேலை கொடுத்து அணி வைத்த நிறுவனங்கள் இருந்தன. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கிய வி.பாஸ்கரன் சென்னைக்காரர். அவர்கள் தங்கம் வென்ற அதே ஊரில், அதே நாட்களில், ரூபா சைனி தலைமையில் இந்தியப் பெண்களும் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? பெண்கள் ஹாக்கி ஒலிம்பிக்கில் நுழைந்த முதல் ஆண்டு அது. புறக்கணிப்பால் பல அணிகள் வராமல் போக, ஆறு அணிகள் ஒருவரோடு ஒருவர் மோதின. இந்தியா ஆஸ்திரியாவை 2-0, போலந்தை 4-0 என வென்றது. செக்கோஸ்லோவாக்கியாவிடமும் சோவியத்திடமும் தோற்றது. கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டு வந்து தங்கத்தையே எடுத்துப்போன ஜிம்பாப்வேயோடு 1-1 என்று சமன் செய்தது. நான்காம் இடம். 1974இல் பிரான்சின் மாண்டலியூவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையிலும் நான்காம் இடம்தான். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் பெண்கள் ஹாக்கி முதல் முறையாகச் சேர்க்கப்பட்டபோது தங்கமே கிடைத்தது. அந்தப் போட்டிகளில் ஆண்கள் அணி பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றதை நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி மாய்கிறோம். எலிசா நெல்சன் தலைமையில் பெண்கள் வாங்கிய தங்கம் அந்தப் புலம்பலில் அமுங்கிப் போனது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஆட்டம் இல்லாததால் வந்த மறதி அன்று இது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். தனிச்சங்கம், சொந்தத் தரை என்றெல்லாம் உயர்த்திப் பேசுகிறீர்களே, அந்தத் தனிமைதானே பெண்கள் ஹாக்கியைப் பின்தங்க வைத்தது? சர்வதேச அளவில் 1982இல் ஆண்கள் அமைப்பும் பெண்கள் அமைப்பும் ஒன்றாயின. இந்தியாவில் ஹாக்கி இந்தியா என்ற பொது அமைப்பு 2009இல் வந்தது. 1980க்குப் பிறகு 36 ஆண்டுகள் ஒலிம்பிக் வாசலை மிதிக்காத பெண்கள் அணி, 2016இல் ரியோவுக்குப் போனது. டோக்கியோவில் மறுபடியும் நான்காவதாக வந்தது. இந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் 1974இன் நான்காம் இடம், 1982இன் தங்கம், 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் தங்கம் ஆகிய மூன்றும் தனிச்சங்கக் காலத்தவைதான். ஆகவே அலுவலகப் பெயர்ப்பலகை மட்டும் எதையும் தீர்மானித்துவிடவில்லை. இணைப்புக்குப் பிறகு கூடுதலாக வந்தவை நீண்ட பயிற்சி முகாம்கள், வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள், 2018 முதல் ஒடிசா அரசு இரு அணிகளுக்கும் கொடுத்த பணம். இவை எல்லாம் தரையும் வாழ்வாதாரமும்தான், வேறு பெயரில். ஒன்றாய்ச் சேர்ந்ததில் பெண்களுக்கு ஆதாயம் வந்த இடங்களில், தரையும் பணமும் பங்கிடப்பட்டன. சென்னை போல அவை பங்கிடப்படாத ஊர்களில் இணைப்பு காகிதத்தோடு நின்றது.

தரை என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஆட்டத்துக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து சர்வதேச ஹாக்கி செயற்கைப் புல்லுக்கு மாறியது. கல்லூரித் திடலின் மண் தரையில் பந்து நேராக வராது. சிறு கல்லில் பட்டுத் துள்ளும். அதனால் ஆடுபவள் மட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, மணிக்கட்டைத் தளர்த்தி, கடைசி நொடி வரை பந்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில் பந்து சறுக்கிக்கொண்டு, சொன்ன பாதையில், இரட்டை வேகத்தில் வரும். அங்கே முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, மட்டையையே தரையோடு படுக்கவைத்துப் பந்தை நிறுத்துவார்கள். பெனால்டி கார்னரில் அந்த ஒரு நிறுத்தம் பிசகினால் கோல் வாய்ப்பே போய்விடும். மண்ணில் பத்து வருடம் பழகிய கைக்கு இது ஒரு வாரத்தில் வராது. ஆக, மயிலாப்பூரிலோ நுங்கம்பாக்கத்திலோ கல்லூரிச் சுவருக்குள் இருந்த சொந்தத் தரை ஒரே அடியில் செல்லாக்காசானது. இனி பழக வேண்டுமானால் எழும்பூருக்குத்தான் போக வேண்டும். அங்கே நேரம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும், இருட்டியபின் வீடு திரும்ப வழி இருக்க வேண்டும். ஆண்களுக்கும் இதே மாற்றம்தானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் ஆட்டத்துக்காகவே சம்பளம் தரும் ஒரு நிறுவனம் அவர்களை அந்தத் தரை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. பெண்களில் அந்த வாய்ப்பு பெற்றவர்கள் தேசிய அளவில் ரயில்வே அணியினர். தேசியப் பட்டத்தை ரயில்வே பெண்கள் மீண்டும் மீண்டும் வென்றதில் வியப்பில்லை.

கூட்டம் வராது என்ற பதிலுக்கு ராஞ்சி போதும். 2023 அக்டோபர் இறுதியில் அங்கே பெண்கள் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி தொடங்கியது. இறுதியாட்டத்தில் ஜப்பானை இந்தியா 4-0 என்று வென்றபோது ஆரவாரத்துக்குக் குறைவில்லை. சென்னையில் ஆண்களுக்கான அதே பெயர்ப் போட்டி நடந்து முடிந்து மூன்று மாதம் கூட ஆகவில்லை. ராஞ்சிக்காரர்களுக்கு ஹாக்கி மேல் நம்மைவிடக் கூடுதல் பாசம் என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில், இந்திய அணியில் ஆடிய சலீமா டேடேயும் நிக்கி பிரதானும் யார் வீட்டுப் பெண்கள் என்று தெரிந்தவர்கள் வந்தார்கள். தெரிந்த பெண் ஆடினால் ஊர் வரும். நமக்கோ தெரிந்த பெண்ணை உருவாக்கும் இடங்களே அடைபட்டிருக்கின்றன. 2024 டிசம்பர் இறுதியில் ஹாக்கி இந்தியா லீக் மறுபடி தொடங்கியபோது ஆண்களில் தமிழ்நாடு டிராகன்ஸ் என்று ஓர் அணி இருந்தது. முதல் முறையாக நடந்த பெண்கள் லீகில் டெல்லி, ஒடிசா, வங்காளம், சூர்மா என நான்கே அணிகள். தமிழ்நாட்டின் பெயரில் ஒன்றும் இல்லை.

எழும்பூரில் 2023 போட்டிக்காக விரிக்கப்பட்ட தரை, மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தேர்வான அதே வகை. நகரத்துப் பெண்கள் கல்லூரி அணிகளுக்கு வாரத்தில் இரண்டு மாலை அதில் இடம் ஒதுக்குவதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. நேர அட்டவணையில் இரண்டு கட்டங்களைத் திருத்தினால் போதும். பாரிஸில் அந்த வகைத் தரையில் ஆண்கள் அணிகள் பன்னிரண்டு, பெண்கள் அணிகள் பன்னிரண்டு ஆடின. ஆட்டத்துக்கு ஆட்டம் அதே தண்ணீரைத்தான் தெளித்தார்கள்.