தாம்சன் சாலைக்குப் பெயர் கொடுத்தவர்

சிங்கப்பூர் எம்பிரஸ் பிளேஸில் ஒரு கல்தூண் நிற்கிறது. பக்கத்தில் உள்ள அரும்பொருளகத்துக்கு வருகிறவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். யாரும் அதைப் படித்து நான் பார்த்ததில்லை. நானும் பல வருடம் அப்படியே கடந்துபோனவன்தான். நண்பன் வரத் தாமதமான ஒரு மாலையில்தான் அதைச் சுற்றி வந்தேன். நாலு பக்கம், நாலு மொழி: ஆங்கிலம், ஜாவி எழுத்தில் மலாய், சீனம், தமிழ். 1850இல் இந்தியாவின் தலைமை ஆளுநர் டல்ஹவுசி பிரபு இங்கே வந்துபோனதன் நினைவுச்சின்னம் அது. தடையில்லாத வணிகத்தைப் புகழ்கிறது. தமிழ் பேசுகிறவர்களுக்கும் அதைச் சொல்லியாக வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கோ தோன்றியிருக்கிறது.

அந்தத் தூணை வடிவமைத்தவர் ஜான் டர்ன்புல் தாம்சன். தாம்சன் சாலையில் நாம் பேருந்து ஏறுகிறோம்; இப்போது எம்ஆர்டி பாதைக்கே அந்தப் பெயர். ஆனால் ஆள் யாரென்று கேட்டால், "யாரோ வெள்ளைக்காரன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நானும் அவ்வளவுதான் தெரிந்து வைத்திருந்தேன்.

1821இல் இங்கிலாந்தின் வடக்கே நார்தம்பர்லாந்தில் பிறந்தவர். 1838இல் பினாங்குக்கு வந்து இறங்கும்போது பதினாறு வயது. தோட்டங்களை அளக்கிற வேலை. இருபது வயதில் சிங்கப்பூரின் அரசு நில அளவையாளர். ஊர் சிறியது, ஆள் குறைவு. அதனால் நிலம் அளக்க வந்தவரே சாலை போட்டார், கட்டடம் கட்டினார். கொடைக்குப் பெயர் போன டான் டோக் செங்கின் பணத்தில் பேர்ல்ஸ் ஹில்லில் எழுந்த ஏழைகள் மருத்துவமனை இவர் வடிவமைத்ததுதான். கோல்மன் கட்டிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குக் கூர்கோபுரம் வைத்தவரும் இவர்தான்.

இத்தனைக்கும் நடுவில் படம் வரைந்துகொண்டே இருந்தார். தியான் ஹொக் கெங் கோயிலை 1847இல் நீர்வண்ணத்தில் தீட்டினார். நான் அதிகம் பார்த்தது 1851இல் அவர் தீட்டிய பாடாங் ஓவியத்தை. 'ஸ்கேண்டல் பாயிண்ட்' என்ற மேட்டிலிருந்து எஸ்பிளனேடைப் பார்க்கும் காட்சி. வெள்ளைக்காரர்கள் மாலையில் கூடி ஊர்வம்பு பேசிய இடம் அது. பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. குதிரைகளிலும் வண்டிகளிலும் ஐரோப்பியர்கள். அவர்களைச் சுற்றி மலாய்க்காரர், சீனர், இந்தியர். பின்னால் அவருடைய கோபுரத்தோடு தேவாலயம்.

அந்தத் தேவாலயம் இன்று இல்லை. 1845இலும் 1849இலும் இடி விழுந்தது, 1855இல் இடித்துவிட்டார்கள். இப்போது நாம் பார்ப்பது அதற்குப்பின் கட்டியது. அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். சுவருக்குப் பூசியது 'மெட்ராஸ் சுண்ணம்'. சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை ஆகியவற்றை இடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் சேர்த்துச் செய்கிற சாந்து. நம் ஊர்க் கொத்தனார்களின் கைப்பக்குவம். தாம்சனின் கோபுரம் படத்தில் மட்டும் மிஞ்சியது. கைதிகளின் சுவர் நிற்கிறது. ஆனால் அந்தக் கைகளுக்கு உரியவர்கள் யாரென்று எந்தச் சுவரும் சொல்வதில்லை.

அவருடைய பெரிய வேலை கடலில் இருக்கிறது. சிங்கப்பூருக்குக் கிழக்கே சுமார் 44 கிலோமீட்டரில் பெட்ரா பிராங்கா என்ற பாறை. மலாயில் பத்து பூத்தே, வெள்ளைக்கல். பறவை எச்சத்தால் வெளுத்த கல். கப்பல்கள் மோதி உடையும் இடம். அதன்மேல் 1850இல் தொடங்கி, பருவக்காற்றுக்கு நிறுத்தி, 1851இல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை முடித்தார். கருங்கல் புலாவ் உபினிலிருந்து வந்தது. கல் உடைத்தவர்கள் சீனர்கள். விளக்கத்துக்குள் இருக்கும் கல்வெட்டில் தாம்சன் பெயருக்குப் பக்கத்தில் 'கட்டடக் கலைஞர்' என்று பொறித்திருக்கிறார்கள். நில அளவையாளராக வந்தவருக்கு அந்தப் பாறை கொடுத்த பட்டம். வெயிலும் காய்ச்சலும் உடம்பை வாங்கிவிட, 1853இல் ஊருக்குத் திரும்பினார்.

அந்தப் பாறை யாருக்கு என்ற வழக்கு பிறகு அனைத்துலக நீதிமன்றம் வரை போனது. பாறை முதலில் ஜொகூருடையதாக இருந்தது, பிறகு நடந்தவற்றால் சிங்கப்பூருக்குப் போய்விட்டது என்று 2008இல் தீர்ப்பு. விளக்கத்தை ஒட்டிச் சிங்கப்பூர் செய்துவந்த காரியங்களும், ஜொகூர் அதிகாரி ஒருவர் 1953இல் எழுதிய கடிதமும் எடைபோடப்பட்டன. ஜொகூர் பாருவிலிருந்து வரும் என் நண்பனிடம் இதைப் பேசினால் கோபப்படுவான். "விளக்கு வச்சவனுக்கே வீடு சொந்தமாடா?" என்பான். என்னிடம் சட்டென்று பதில் இருந்ததில்லை.

தாம்சன் 1856இல் நியூசிலாந்துக்குக் குடியேறினார். ஒட்டாகோ மாநிலத்தின் தலைமை நில அளவையாளராகி, 1876இல் நாட்டின் முதல் தலைமை நில அளவை அதிகாரியானார். மலைகளுக்கும் ஓடைகளுக்கும் பெயர் வைத்துக்கொண்டே போனார். மாவோரிகள் திதிதேயா என்று அழைத்த சிகரம் அவர் வரைபடத்தில் மவுண்ட் ஆஸ்பைரிங் ஆனது. மனியோடோடோ பகுதியில் ஆடு, பன்றி, குதிரைக்குட்டி என்று தன் ஊர் வழக்குச் சொற்களை ஓடைகளுக்குச் சூட்டினார். அளக்கிறவன் பெயரும் வைக்கிறான். காலனியத்தில் இது சாதாரண நடைமுறை.

ஆனால் அவரை அப்படியே ஒதுக்கிவிட எனக்கு முடியவில்லை. காரணம் முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடி. அவருடைய முப்பாட்டனார் ஏமனிலிருந்து வந்து நாகூரில் மணம் முடித்தவர். மலாக்காவில் சிறுவயதிலேயே தமிழ் படிக்க அனுப்பப்பட்டதை அப்துல்லாவே எழுதியிருக்கிறார். தாம்சன் அவரிடம் மலாய் கற்றவர். அப்துல்லா இறந்து இருபது வருடம் கழித்து, 1874இல், 'ஹிக்காயத் அப்துல்லா'வின் பகுதிகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். முழுவதும் அல்ல, தேர்ந்தெடுத்த பகுதிகள், இடையிடையே தன் கருத்துகள். மாணவன் ஆசிரியரை அடிக்கடி குறுக்கிட்டுப் பேசுகிற புத்தகம். இருந்தாலும் உலகின் தெற்குக் கோடியில், ஐம்பது தாண்டிய ஒரு மனிதர் தன் மலாய் வாத்தியாரின் வார்த்தைகளோடு உட்கார்ந்திருக்கிறார். பெயர்களை அழித்துக்கொண்டு போனவர் ஒரு பெயரையாவது கையோடு எடுத்துப்போனார்.

1884இல் இன்வர்கார்கிலில் இறந்தார். அவருடைய ஓவியங்கள் பல டனிடினில் உள்ள ஹோக்கன் சேகரத்தில் இருக்கின்றன. நம் ஊரின் பழைய முகத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறது.

பாடாங் ஓவியத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் வண்டிகளைத் தாண்டி ஓரத்து மனிதர்களைத் தேடுகிறேன். அவர்களுக்கு உடையும் தலைப்பாகையும் இருக்கின்றன, பெயர் இல்லை. வரைந்தவர் அவர்களைப் பார்த்தார் என்பது உண்மை. அவர்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு, அவர் மொழிபெயர்த்த அப்துல்லாவைப்போல ஒரு சிலர் எழுதியதுதான் நம்மிடம் இருக்கிறது. அடுத்தமுறை எம்பிரஸ் பிளேஸ் பக்கம் போனால், படம் எடுத்து முடித்ததும் தூணைச் சுற்றி வந்து தமிழ்ப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பிரபு வந்ததும் போனதும் அதில் இருக்கிறது. கல் சுமந்தவர்களைப் பற்றி நாம்தான் எழுதவேண்டும்.