விழிஞ்ஞக் கடற்கரையும் மறைந்தோர் நினைவும்

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் நம்மைப் பணித்தபோது, எதைப்பற்றி எழுதுவது என்று நாம் நெடுநேரம் எண்ண நேரவில்லை. செயற்குழுவில் எழுந்த வாதமே பொருளைத் தந்துவிட்டது. சென்ற விழாவுக்குப் பின் நம் காலனியில் மூவர் மறைந்தனர். அவர்களுள் ஒருவர், இருபது ஆண்டுகளாக நம் விழாப் பந்திக்குப் புளியோதரை கிளறிய பெரியவர். ‘இவ்வாண்டு விருந்தும் பாட்டும் வேண்டா, இரங்கற் கூட்டம் ஒன்று நடத்திக் கலைந்துவிடுவோம்’ என்று ஒரு சாரார் கூறினர். ‘அவர் இருந்தால் அடுப்பை அணைக்கச் சொல்வாரா?’ என்று மற்றொரு சாரார் கேட்டனர். இரண்டு கூட்டங்கள் நடந்தன, தேநீர் ஆறியது, முடிவு ஏற்படவில்லை. மூன்றாம் கூட்டத்திற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, காலனிக் குடும்பங்கள் சில வழக்கம்போல் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு விழிஞ்ஞத்திற்குப் புறப்பட்டன. நாமும் உடன் சென்றோம். அங்கே கண்டவையும், வந்தபின் நூல்களைப் புரட்டி அறிந்தவையுமே இக்கட்டுரையாகும்.

திருவனந்தபுரம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது விழிஞ்ஞம். நம் பிள்ளைகளுக்கு அவ்வூர் என்றால் இப்போது வானளாவிய பளுதூக்கிகளும் பெட்டிக் கப்பல்களும்தாம். 2024 ஜூலையில் முதல் பெருங்கப்பல் அங்கு வந்து சேர்ந்தது. 2025 மே 2-ஆம் நாள் துறைமுகம் முறையாகத் திறந்து வைக்கப்பெற்றது. பாலராமபுரத்திலிருந்து துறைமுகத்திற்குப் பெரும்பகுதி சுரங்கத்தின் வழியாகவே இருப்புப்பாதை அமைக்கத் திட்டம் வகுத்திருக்கின்றனர் என்பதை, ரயில்வேயில் சோறுண்பவர் என்ற உரிமையில் இங்கே குறித்துக்கொள்கிறோம். ஆயின், புதிய துறைமுகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோர் விழிஞ்ஞத்தைப் பார்த்தவர் ஆகார். மீன்பிடி துறையும், அதன் அருகே மாதா கோயிலும் பள்ளிவாசலும், சற்று உள்ளே தள்ளி ஒரு பாறையில் குடைந்த சிறு குகைக் கோயிலும் காணத்தக்கவை. எட்டாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அக்குகையில் வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தியின் வடிவம் உள்ளது. வெளிச்சுவரில் சிவனும் பார்வதியுமாக உருவங்கள் தொடங்கப்பெற்று, முற்றுப்பெறாமல் நிற்கின்றன. சிற்பியின் உளி ஏன் நின்றது என்று நம்முடன் வந்த சிறுமி கேட்டாள். விடை கூற இயலவில்லை.

இவ்வூரை ஆண்டவர்கள் ஆய் மரபினர். சங்க காலத்தில் பொதியில் மலைச்சாரலில் ஆண்ட ஆய் அண்டிரனை நாம் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகப் படித்திருக்கிறோம். அவன் மரபினராகிய பிற்கால ஆய் மன்னர்களுக்கு விழிஞ்ஞம் துறைமுகமாகவும் கோட்டையாகவும் விளங்கியது. அண்டிரன் இறந்தபோது புலவர் இருவர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் 240, 241-ஆம் எண்களில் அடுத்தடுத்து நிற்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் நம் செயற்குழுவின் இரு சாராரும் அங்கேயே அமர்ந்திருப்பது தெரியும்! குட்டுவன் கீரனார் கூகை கூவும் சுடுகாட்டையும், வள்ளலை எரித்த தீயையும், கண்ணொளி மழுங்கிப் பசியோடு வேற்று நாடு நோக்கிச் செல்லும் புலவர்களையும் காட்டுகிறார். உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரோ, அண்டிரன் வருகிறான் என்று இந்திரன் கோயிலில் முரசு முழங்குவதைக் கேட்கிறார். ஒருவர் இழவு பாடுகிறார். மற்றொருவர் வரவேற்பு பாடுகிறார். தொகுத்த சான்றோர் ஒன்றை வைத்து மற்றதை நீக்கிவிடவில்லை.

துறைமுகம் என்றால் பகைவர் கண்ணும் அங்கே இருக்கும். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் விழிஞ்ஞத்தை அழித்ததாக அவனுடைய செப்பேடு கூறுகிறது. கடலையே அகழியாக உடையது என்று இவ்வூரைப் புகழ்ந்துவிட்டு, முதலாம் இராசராசனின் படைத்தலைவன் அதை வென்றான் என்று கூறுகிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. பின்னர் முதலாம் குலோத்துங்கன் விழிஞ்ஞத்தை அழித்ததைக் கலிங்கத்துப்பரணி பேசுகிறது. மன்னர்கள் மும்முறை அழித்ததாக எழுதி வைத்த ஊர், இன்றும் விடியற்காலையில் மீன் ஏலம் கூவிக்கொண்டிருக்கிறது!

இப்போர்களில் வென்றவர் பெயர் செப்பேட்டில் ஏறியது. மாண்ட எளியவர் பெயர்? ஒரு பெயரேனும் நமக்குக் கிடைத்திருக்கிறது. திருவனந்தபுரம் பொருட்காட்சிசாலைக் கல்வெட்டு என்று வழங்கும் வட்டெழுத்துக் கல் ஒன்று உண்டு. மாறஞ்சடையனின் 27-ஆம் ஆட்சியாண்டில், விழிஞ்ஞத்தின்மேல் சேரமான் படை வந்தபோது, கரைக்கோட்டையில் பொருது பட்ட இரணகீர்த்தி என்னும் வீரனை அக்கல் நினைவு கூர்கிறது. பாண்டியன் பக்கம் நின்று இறந்தவன் அவன். அவன் மனைவி யார், மக்கள் எத்தனை பேர் என்பன கல்லில் இல்லை. ஆயினும் ஆயிரத்திருநூறு ஆண்டுகள் கழிந்தபின், அவனுக்கு எவ்வகையிலும் உறவில்லாத நாம் அவன் பெயரை இம்மலரில் எழுதுகிறோம் அல்லவா? கல் நட்டவர் வேண்டியதும் இதுவாகவே இருந்திருக்கும்.

கல் நடுவது நம்மவருக்கு வெறும் அழுகை அன்று. தொல்காப்பியம் அதை ஆறு நிலைகளாகப் பகுத்துரைக்கிறது: தக்க கல்லைத் தேடிக் காணுதல், அதைக் கொணரத் தொடங்குதல், நீராட்டுதல், நடுதல், பெரும்படை, வாழ்த்து. ‘பெரும்படை’ என்பதற்குக் கோட்டமும் மதிலும் எடுத்தல் என்று உரைப்பாரும் உளர். பெரும் படையல் என்பாரும் உளர். எவ்வாறாயினும், இறந்தவனுக்குப் படையல் இட்ட வழக்கத்தில் ஐயம் இல்லை. அதியமான் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்ப்பதைக் கண்ட ஔவையார், நாடு கொடுத்தாலும் கொள்ளாத அவன் இதைக் கொள்வானோ என்று நெஞ்சுருகுகிறார். ஆனால் வார்க்க வேண்டா என்று அவர் தடுத்ததாகப் பாட்டில் இல்லை. இறந்தவர் குடும்பத்துக்கு ‘உதிரப்பட்டி’ என்ற பெயரில் நிலம் விட்ட செய்தியைப் பல கல்வெட்டுகளில் காணலாம். ஆறு நிலைகளில் கடைசி நிலை வாழ்த்து என்பதையும் அன்பர்கள் நோக்குவார்களாக.

காலம் மாறியது, கரையில் சமயங்களும் வந்து சேர்ந்தன. 1544-இல் பிரான்சிஸ் சவேரியார் இத்திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாகத் தம் மடலில் எழுதினார். இன்று நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளில் மீனவர் குடும்பங்கள் கல்லறைகளைத் துப்புரவு செய்து, மலரிட்டு, மெழுகுவத்தி ஏற்றுகின்றன. இசுலாமியப் பெருமக்கள் மறைந்த பெரியோரின் நினைவு நாளை உரூஸ் என்னும் விழாவாகவே எடுக்கின்றனர். நாமோ ஆடி அமாவாசையன்று விழிஞ்ஞம் செல்லும் வழியிலுள்ள திருவல்லத்தில் பரசுராமர் கோயில் ஆற்றங்கரையில் நின்று எள்ளும் நீரும் இறைக்கிறோம். மலையாள அன்பர்கள் அதே நாளைக் கர்க்கடக வாவு என்பர். அன்று அக்கூட்டத்தில் தாமிரபரணிக் கரையை விட்டு வந்தவரும், காவிரிக் கரையை விட்டு வந்தவரும் நிற்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். தாய் தந்தையரை எரித்த மண் எங்கோ இருக்கிறது. நீர் இறைக்கும் ஆறு கரமனையாறாக இருக்கிறது. தொடக்கத்தில் இது நமக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது அந்த ஆறும் உறவாகிவிட்டது.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருவோம். 2017 நவம்பர் 30-ஆம் நாளை அன்பர்கள் மறந்திரார். ‘ஓகி’ என்று பெயரிடப்பட்ட புயல் குமரி முனையைச் சுற்றிக்கொண்டு அரபிக்கடலுக்குள் புகுந்தது. எச்சரிக்கை வருமுன்னரே பல படகுகள் கடலில் இருந்தன. விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும் பெண்கள் நாட்கணக்காகக் கரையில் நின்றார்கள். கடற்படையும் கடலோரக் காவற்படையும் தேடின. அது போதாதென்று மீனவரே தம் படகுகளை எடுத்துக்கொண்டு தேடப் புறப்பட்டனர். கேரளக் கரையில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். குமரி மாவட்டத்துத் தமிழ் ஊர்களும் பெரிதும் இழந்தன. ஏழாண்டு காணப்படாதவரையே இறந்தவராகக் கொள்வது பொதுவான சட்ட வழக்கு. அதுவரை காத்திராமல், திரும்பாதவர் குடும்பங்களுக்கும் அரசுகள் உதவித்தொகை வழங்கின. நம் அலுவலகத்தில் வந்து சேராத மூட்டைக்குத் தனிப் பதிவேடு உண்டு. இத்தனை நாளில் இன்ன நடவடிக்கை என்று விதியும் உண்டு. வந்து சேராத மகனைத் தாய் எந்தப் பதிவேட்டில் எழுதுவாள்?

விழிஞ்ஞத்துக் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவருடன் அன்று பேச நேர்ந்தது. அவர் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருந்தன. அவருடைய தம்பி மகன் அப்புயலில் போனவன், உடல் கிடைக்கவில்லை. நாம் தயங்கித் தயங்கி, “அண்ணாச்சி, அதற்குப் பிறகு வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறீர்களா?” என்று கேட்டோம். “அந்த வருசம் இல்ல. அடுத்த வருசம் எங்க அம்மைதான் சொன்னா, பிள்ளைக்குப் பிடிச்ச கறி வைக்காம என்ன பெருநாள்னு. அவன் பேரைச் சொல்லித்தான் முதல்ல விளம்புவா. பொறவுதான் எங்களுக்கு” என்றார்.

‘விளம்புவா’ என்ற சொல்லில் நம் மனம் நின்றுவிட்டது. நாஞ்சில் நாட்டாரும் மலையாளிகளும் இலையில் சோறு பரிமாறுவதை விளம்புதல் என்பர். நாம் பள்ளியில் படித்த செய்யுட்களில் விளம்புதல் என்றால் எடுத்துச் சொல்லுதல். பெயரைச் சொல்வதற்கும் சோறு இடுவதற்கும் நம் மொழியில் ஒரே சொல்! இத்தனை ஆண்டுகள் இக்கரையில் வாழ்ந்தும், ஒரு வலைஞர் வாய்மொழியாக அன்றி நமக்கு இது விளங்கவில்லை.

அப்புயல் நடந்து ஒன்பது திங்கள் கழியுமுன், 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. விழிஞ்ஞமும் பூந்துறையும் உள்ளிட்ட கடற்கரை ஊர்களின் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு, நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள செங்ஙன்னூர் முதலிய இடங்களுக்கு விரைந்தனர். 669 படகுகளில் 4,537 மீனவர்கள் சென்று ஏறத்தாழ 65,000 பேரை மீட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். தம் வீட்டுப் பிள்ளைகளைக் கடலில் தேடிக் காணாதவர்கள், பிறர் வீட்டுப் பிள்ளைகளைக் கூரைமேல் கண்டு இறக்கிக் கொணர்ந்தனர்.

அவ்வாண்டு ஓணம் ஆகஸ்ட் 25-இல் வந்தது. அரசு தன் ஓண விழாக்களை நிறுத்திவிட்டது. அது தக்க செயலே. ஆனால் நிவாரண முகாம்களில் நிகழ்ந்தது வேறு. வீடிழந்து பள்ளிக்கூடத் தரையில் படுத்திருந்தவர்கள், கிடைத்த பூக்களைக் கொண்டு பூக்களம் இட்டனர். முன்பின் அறியாதவரோடு அருகருகே அமர்ந்து ஓணச் சோறு உண்டனர். அவர்களுக்குத் துக்கம் இல்லை என்று யார் கூறுவார்?

மூன்றாம் கூட்டத்தில் நாம் இவற்றையெல்லாம் இவ்வளவு விரிவாகக் கூறவில்லை. கூற விட்டிருக்கவும் மாட்டார்கள். அண்டிரன் பாடல்கள் இரண்டையும், வலைஞர் சொன்ன அச்சொல்லையும் மட்டும் கூறினோம். விருந்து வேண்டா என்று வாதிட்ட நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, ‘அப்படியானால் மூன்று இலை தனியாகப் போடவேண்டும்’ என்றார். வேறு தீர்மானம் தேவைப்படவில்லை.

ஆகவே, இம்மலர் உங்கள் கைக்கு வரும் மாலையில் பந்தி தொடங்குமுன் மூன்று இலைகள் இடப்பெறும். மறைந்த மூவரின் பெயரையும் செயலாளர் படிப்பார். அதன்பின் குழந்தைகளின் பாட்டும் கோலாட்டமும் வழக்கம்போல் உண்டு. புளிக்காய்ச்சலைப் பெரியவரின் மனைவியாரே தம் வீட்டில் காய்ச்சித் தருவதாக மனமுவந்து கூறியிருக்கிறார்கள். ‘அவர் எப்போதும் காரத்தை ஒரு கை கூட்டித்தான் போடுவார், நானும் அப்படியே போடுவேன், யாரும் குறை சொல்லக் கூடாது’ என்பது அவ்வம்மையார் விதித்த நிபந்தனை. குழந்தைகளுக்குத் தயிர்ச்சாதம் தனியே உண்டு.